எந்தத் தெரு என்று கேட்காத இடங்கள்

விருத்தாசலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியூர்த் தோழர்கள் கேட்பதுண்டு. இலக்கியக் கூட்டத்துக்கோ, உண்மையறியும் குழுவோடோ வருகிறவர்கள், வந்த வேலை முடிந்து ரயிலுக்கு நேரம் இருந்தால் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் தயங்காமல் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. பழமலைநாதர் கோயில், ஆழத்துப் பிள்ளையார், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். வண்டி வசதி இருந்தால் ஸ்ரீமுஷ்ணம், நெய்வேலிச் சுரங்கம். அதோடு சரி.

இந்தப் பட்டியல்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் சேரியில் பிறந்தவனுக்கு ஓர் இடத்தைப் பார்ப்பது வேறு, அங்கே உட்கார்வது வேறு. பார்ப்பதை எட்ட நின்றும் பார்த்துவிடலாம். எங்கள் தாத்தாக்கள் தேரையும் திருவிழாவையும் அப்படித்தான் பார்த்தார்கள். உட்கார்வது அப்படி இல்லை. உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் பேச்சுக் கொடுப்பான். "எந்த ஊரு தம்பி?" என்பான். ஊரைச் சொன்னால் விடமாட்டான். "அங்க எந்தத் தெரு?" என்பான். எந்தத் தெரு என்கிற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு அர்த்தந்தான். பதில் சொன்னதும் அவன் வேட்டியை இழுத்து மடித்துக்கொண்டு அரை முழம் நகர்ந்து உட்கார்வான். ஒரு வார்த்தை திட்டியிருக்க மாட்டான். சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை. அந்த அரை முழம் இடம் மட்டும் நமக்குள்ளே வெகுநாள் கிடக்கும்.

ஆகவே என்னிடம் வேறொரு பட்டியல் இருக்கிறது. எங்கே போனால் அந்தக் கேள்வி வராது, அல்லது வந்தாலும் அதை மீறி உட்கார முடியும் என்பதுதான் அதன் கணக்கு. விருத்தாசலத்தைச் சுற்றி முப்பது வருசத்துக்கு மேல் அலைந்து சேர்த்த பட்டியல் இது.

முதலில் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். திருமுதுகுன்றம் என்பது ஊரின் பழைய பெயர். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தேர் என்று எல்லாவற்றையும் ஐந்து ஐந்தாகச் சொல்வார்கள். செம்பியன் மாதேவி காலத்துத் திருப்பணி உண்டு. 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டத்துக்குப் பிறகு யாரும் உள்ளே போகலாம். இன்று அந்த வாசலில் யாரும் தெருவைக் கேட்பதில்லை. ஆனால் கேட்காததற்குச் சட்டத்தைவிடக் கூட்டந்தான் காரணம் என்பது என் அனுபவம். ஆயிரம் பேர் வந்துபோகிற இடத்தில் யார் எவர் என்று பார்க்க முடியாது. இதே சட்டம் ஐம்பது வீடு உள்ள ஊரின் மாரியம்மன் கோயிலுக்கும் பொருந்தும். அங்கே போய் நின்று பாருங்கள். கேள்வி கேட்கவே தேவையில்லை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

பெரிய கோயிலில் நான் தோழர்களுக்குக் காட்டுவது கோபுரத்தை அல்ல, அங்கே நிற்கும் வன்னி மரத்தை. விபச்சித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு அந்த மரத்தின் இலையைப் பறித்துக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி இலை பொன்னாக மாறியதாம். இந்தத் தலபுராணக் கதையை நான் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். கொல்லை வேலை முடிந்து வந்து முந்தானையை உதறிக்கொண்டிருந்த அம்மா கேட்டது:

"வேலைக்கித் தக்கன மாறுச்சின்னா சரி. மண்ணு சொமந்தவ கையில எம்மாம் இருந்துச்சாம், மேஸ்திரி கையில எம்மாம் இருந்துச்சாம்? அதச் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. இன்றுவரை எந்தத் தலபுராணத்திலும் அதைத் தேடிக் கண்டேனில்லை.

அடுத்தது ரயில்வே ஜங்ஷன். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைக்கும் தண்டவாளம் பிரிகிற இடம். இதைப் பார்க்க வேண்டிய இடம் என்று எந்தப் புத்தகமும் எழுதாது. எங்கள் தலைமுறைக்கு அதுதான் பூங்கா, அதுதான் வாசகசாலை. பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு நானும் என் கூட்டாளிகளும் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். சிமெண்டு பெஞ்சு யாருக்கும் சொந்தம் இல்லை. பக்கத்தில் உட்காருகிறவன் அடுத்த வண்டியில் போய்விடுவான். அவனுக்கு நம் தெருவைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது எதுவுமில்லை.

ரயில்வே பிறவியிலேயே சமத்துவமானது என்று சொல்ல வரவில்லை. 1901-இல் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் மசூர் ஸ்டேஷனில் இறங்கித் தகப்பனார் அனுப்பும் ஆளுக்காகக் காத்திருந்தார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து அக்கறையோடு விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் சாதி என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டார். மாட்டுவண்டிக்காரன் எவனும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு பங்கு வாடகை கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரன் தீட்டுக்குப் பயந்து கூடவே நடந்து வந்தான். ஆகப் பெஞ்சு பொதுவாக இருந்தாலும் கேள்வி கேட்க வாய் இருக்கிறது. அந்தக் கேள்வி குறைந்துபோன இடமாக ஒரு ஜங்ஷன் இன்று இருக்கிறதென்றால், நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்ததால் வந்த நன்மை அது.

ரயிலடியை ஒட்டிய டீக்கடையில்தான் நான் முதன்முதலாகப் பீங்கான் கோப்பையில் டீ குடித்தேன். அதை ஒரு சேதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்க் கடையில் எங்களுக்கான குவளை கூரைத் தாழ்வாரத்தில் செருகியிருக்கும். அதை நாங்களே எடுத்து, நாங்களே நீட்டி, எட்ட இருந்து ஊற்றியதை வாங்கிக் குந்தியபடி குடித்து, நாங்களே கழுவி மறுபடி செருகிவிட்டு வர வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் அது கொட்டாங்குச்சி. அப்பா காலத்தில் அலுமினியம். நான் வளர்ந்தபோது கண்ணாடிக் கிளாசு வந்துவிட்டது, ஆனால் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார்கள். டவுன் டீக்கடையில் கடைக்காரர் கோப்பையைக் கையில் கொடுத்தபோது, குடித்து முடித்துக் கழுவுவதற்குத் தண்ணித் தொட்டியைத் தேடினேன். "அங்க வச்சிட்டுப் போ தம்பி" என்றார் அவர். வேறு யாரோ கழுவுவார்கள். எங்கள் ஊர்க் கடை இரட்டைக் குவளையைக் கொளுத்திப் போராடி ஒழித்தோம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. காகிதக் கோப்பை வந்தது, எல்லோருக்கும் அதிலேயே கொடுத்தார்கள், பிரச்சினை மறைந்துபோனது. குடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற கோப்பையில் தீட்டும் குப்பைக்குப் போய்விடும் அல்லவா? 2019 சனவரியில் தமிழ்நாட்டு அரசு ஞெகிழித் தடை கொண்டுவந்தபோது பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தடையில் இருந்தது. அப்போதுதான் எத்தனை ஊர்க்கடைகளில் கிளாசைக் கழுவ மனசு வரவில்லை என்பது வெளியே தெரிந்தது.

இனி என் பட்டியலின் நடுவில் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். செராமிக் எஸ்டேட். விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்று சொல்ல வைத்தது இதுதான். சின்னச் சின்னக் கூடங்கள், சூளைப் புகைபோக்கிகள், வாசலில் காயும் பொம்மைகள். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்லூரியும் ஊரில் இருக்கிறது. மின்சாரத்துக்கான ப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கோப்பை, கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை, கார்த்திகைக்கு அகல் என்று பலவும் இங்கிருந்து போகின்றன. முன்பு ஓடிய கூடங்களில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. ஓடுகிறவற்றில் இன்னமும் பெண்கள்தான் அதிகம். அவர்களில் நம் தெருப் பெண்கள் கணிசம்.

இந்த மண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1957-இல் நெய்வேலியில் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரியின் மேலே கிடக்கும் மண்ணை அகற்றியபோது வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. பீங்கான் தொழில் இந்தப் பக்கம் ஊன்றியதற்கு அந்தக் களிமண் பெரிய துணை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்குப் பட்டா இருந்தது, அதைக் காட்டி இழப்பீடு கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழுதவனிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. அவன் பிள்ளைகளில் சிலர் அதே மண்ணைச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக அள்ளினார்கள். சிலர் பீங்கான் கூடத்தில் பிசைந்தார்கள்.

உள்ளே போய்ப் பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். களிமண்ணோடு பெல்ஸ்பார், குவார்ட்ஸ் பொடிகளைச் சேர்த்து உருளையில் அரைத்துக் கூழாக்குவார்கள். கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், ஓரத்தில் மண் தோல் கட்டும், மிச்சக் கூழைக் கவிழ்த்து எடுத்துவிடுவார்கள். அச்சைப் பிரித்து, பிசிறு சீவி, ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, மேல்பூச்சில் முக்கிச் சூளையில் அடுக்குவார்கள். சூடு ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் போகும். சூளைக்குப் போகுமுன் அந்தக் கோப்பையைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி சேறாகிவிடும். வெந்து வந்த பிறகு எத்தனை வருசம் ஊறினாலும் கரையாது, உள்ளே எதையும் உறிஞ்சாது.

இதை ஒரு விஞ்ஞானப் பாடமாகச் சொல்லவில்லை. ஆச்சாரம் பார்க்கிறவர்களுக்குப் பாத்திரங்களில் ஒரு சாதி வரிசை உண்டு. மண்பாண்டம் தீட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே உடைத்துப் போடு. பித்தளையும் வெண்கலமும் உறிஞ்சாது, புளி போட்டுத் தேய்த்தால் போதும். பீங்கான் மண்ணிலிருந்துதான் வருகிறது, ஆனால் உறிஞ்சுவதில்லை. இதை எந்த வரிசையில் வைப்பது? பல வீடுகளில் ஊறுகாய்க்கு ஜாடி ஆகும், காப்பிக்குக் கோப்பை ஆகாது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அறிவுக்குப் பொருந்தாத விதியை இப்படித்தான் மூலைக்கு மூலை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

எங்கம்மா அந்தக் கூடங்களில் ஒன்றில் பன்னிரண்டு வருசம் பிசிறு சீவிற்று. அதற்கு முன் கொல்லை வேலை. கொல்லை வேலையில் உட்காரும் நேரம் கிடையாது, கஞ்சி குடிக்கிறதும் வரப்பில்தான். பீங்கான் கூடத்தில் மதியம் அரைமணி நேரம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். அம்மாவுக்கு வாழ்நாளில் வாய்த்த ஒரே பொழுதுபோக்கு இடம் அந்த மரத்தடி. ரயிலடி பெஞ்சு எங்களுக்குத்தான், எங்கம்மாவோ அக்காவோ அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. மரத்தடியிலும் எடுத்த எடுப்பில் எல்லாம் நடந்துவிடவில்லை. ஊர்த்தெருவிலிருந்து வந்த பொம்பளைகள் தனியாக ஒரு வேரில் உட்கார்ந்தார்களாம். ஒரே அச்சைப் பிடித்து வேலை செய்கிறவர்கள், சோற்றுக்கு மட்டும் இரண்டு வேர்.

"ஒரு வருசம் ஆச்சிடா. அதுக்குப் பெறவுதான் அந்தக் கோனார்த் தெருக்காரி என் கருவாட்டுக் கொழம்ப வாங்கி ஊத்திக்கினா. வூட்ல சொல்லாதடின்னா. நான் ஏன் சொல்லப் போறன்? அவ சோத்துல என் கொழம்பு, அது போதாதா?"

இதை அம்மா சிரித்துக்கொண்டு சொல்லும். எனக்கு இதுதான் விருத்தாசலத்தின் பெரிய ஸ்தலம். சட்டமும் கூட்டமும் இல்லாமல், தெரு தெரிந்தே, ஒருத்தி கையை நீட்டிய இடம்.

ஒரு கார்த்திகை தீபத்தன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பாக்கிக் கூலி கேட்க அம்மா என்னை அழைத்துக்கொண்டு எங்கள் ஊரின் ஒரு பெரிய வீட்டுக்குப் போனது. தெருவில் நின்றோம். திண்ணை முழுக்க அகல் ஏற்றி வைத்திருந்தார்கள். எல்லாம் வெள்ளைப் பீங்கான் அகல். அம்மா குனிந்து பார்த்தது. பிறகு என் காதில் சொன்னது: "நம்ம கூடத்து வெளக்கு. மூக்குப் பக்கம் பாரு, கத்திய ஒரு இழுப்பு கூட இழுத்திருக்கும். அது என் கை." கூலி அன்றைக்குக் கிடைக்கவில்லை. விளக்கு வச்ச நேரத்தில் காசு கொடுக்கக் கூடாதாம். அந்தத் திண்ணையில் அம்மா கை வைக்க முடியாது. அம்மாவின் கை பட்டது அங்கே வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. பதினொரு வயதில் எனக்கு ஏற்பட்ட கோபத்துக்குப் பெயர் தெரியாது. பிற்பாடு புத்தகங்களில் பல பெயர்கள் படித்தேன், எதுவும் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை.

அம்மாவுக்கு இருமல் வந்தது. போன இடத்தில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். முழுசாகச் சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்கத் தெரிந்த நாட்டில், என்ன வேலை என்று கேட்க ஒரு மருத்துவர் கிடைக்கவில்லை. குவார்ட்ஸ் பொடி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்கிற நோய் வரும். படிந்தது திரும்பி வராது. எக்ஸ்ரே படத்தில் பார்ப்பதற்குக் காசநோய் போலவே ஏமாற்றும், காசநோயையும் கூட்டி வரும். கல்குவாரி, கண்ணாடி, பீங்கான் என்று பொடி பறக்கிற எல்லாத் தொழிலுக்கும் இது பொது. தொழிற்சாலைச் சட்டத்தில் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இது இருந்தது. பத்துப் பேர் வேலை செய்கிற கூடங்களுக்கு அந்தப் பட்டியல் எட்டவில்லை. ராஜஸ்தானில் கல் உடைக்கும் தொழிலாளர்களும் அமைப்புகளும் விடாமல் போராடிய பிறகு 2019-இல் அந்த மாநில அரசு இந்த நோய்க்கென்று நிவாரணக் கொள்கை வகுத்தது. இங்கேயும் கேட்கலாம், கேட்க ஆள் வேண்டும். செராமிக் எஸ்டேட்டைப் பார்க்க வருகிற தோழர்கள் பொம்மைகளோடு இதையும் பார்க்க வேண்டும்: அரைக்கிற இடத்தில் தண்ணீர் தெளிக்கிறார்களா, மூக்கை மறைக்கப் பழைய புடவைக் கிழிசலைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?

எஸ்டேட்டிலிருந்து ஊருக்குள் திரும்பினால் மணிமுத்தாறு. சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டதாகக் கதை. மாசிமகத்துக்குக் கரை கொள்ளாத கூட்டம் வரும். மற்ற நாட்களில் வறண்டு கிடக்கும். வறண்டு கிடந்ததுதான் எங்களுக்கு வசதி. 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் ராத்திரிகளில் அந்த மணலில் உட்கார்ந்து படித்தோம், சண்டை போட்டோம். கைக்குக் கிடைத்த சிறுபத்திரிகை எல்லாம் அந்த மணலில்தான் புரட்டப்பட்டது. இப்போது உட்கார அந்த மணல் இல்லை. அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் சண்டைகளில் பெரியது 1994-இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலை வைத்து நடந்தது. சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார்ப் பெண் ஆரோக்கியத்தின் கதை. நம்மை ஒடுக்குகிறவனை எழுதாமல் நம் தெருவைக் குறை சொல்கிறாரே என்று எங்களில் பாதிப்பேர் கொதித்தார்கள். அப்போது அதுவரை பேசாமல் இருந்த ஒரு தோழன் சொன்னான்: "எங்க வூட்டுக்கு எந்தத் தெருன்னு நீங்களும் கேட்டிருக்கிங்க." அவன் வண்ணார வீட்டுப் பையன். மணலில் சத்தமே இல்லை. ஊர்க்காரன் நம்மிடம் கேட்கிற கேள்வியை நாம் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கும்வரை, கேட்காத இடம் என்று எதையும் நாம் உரிமை கொண்டாட முடியாது. அந்த ராத்திரி முதல் என் பட்டியலில் எங்கள் தெருவை நான் சேர்த்ததில்லை. சேர்க்கிற நாள் வர வேண்டும்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கிறது, என்னுடையதிலும் இருக்கிறது. அங்கே பிராது கட்டுகிற வழக்கம் உண்டு. திருட்டுப் போனவர்கள், கடன் கொடுத்து ஏமாந்தவர்கள், புருசன் விட்டுப் போனவர்கள் தங்கள் குறையை மனுவாக எழுதி, சாமி முன் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டுப் போவார்கள். ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துப் படிப்பணம் கூட உண்டு. 90 நாளில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்தால் வந்து ராஜினாமா கொடுத்துப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஆனாலும் தொங்குகிற அந்தக் காகிதங்களின் கீழே நின்றால் எனக்கு ஒன்று தோன்றும். இத்தனை சனங்களும் ஏன் இங்கே வருகிறார்கள்? மனுவை வாங்க மறுக்காத ஒரே ஆபீசு இதுதான். சாட்சி கேட்பதில்லை, சமாதானமாகப் போ என்று மிரட்டுவதில்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குத் தண்டனை உண்டு என்கிறது. அந்தச் சட்டம் காவல் நிலையங்களில் ஒழுங்காக நடந்தால் கொளஞ்சியப்பருக்கு வேலை பாதியாகக் குறையும்.

கடைசியாக இரண்டு இடங்கள். இங்கே போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. பலகை இல்லை, சிலை இல்லை. செம்மண்ணும் முந்திரியும்தான்.

ஒன்று முதனை. 1993 மார்ச்சில் இந்த ஊரின் கூலித் தொழிலாளி, குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, திருட்டுப் பழியின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்டுச் சித்திரவதையில் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டான் என்றது போலீஸ். அவர் மனைவி பார்வதி அதை ஏற்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார். பல வருசம் கழித்துப் போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021-இல் 'ஜெய் பீம்' படம் வந்தபோது உலகமே பார்த்தது. படத்தில் சமூகத்தின் பெயர் இருளர் என்று மாறிவிட்டது, ஊரின் பெயரும் பலருக்குத் தெரியாமல் போனது.

மற்றது புதுக்கூரைப்பேட்டை. பொறியியல் பட்டதாரியான தலித் இளைஞர் முருகேசனும், வன்னியர் வீட்டுப் பெண் கண்ணகியும் 2003-இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 8 அன்று இருவரையும் பிடித்துக்கொண்டு வந்து, காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்ப் போலீஸ் மறைத்ததால் வழக்கு சிபிஐக்குப் போனது. 18 வருசம் கழித்து, 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது, அவர்களில் போலீஸ் அதிகாரிகளும் உண்டு. கண்ணகியின் அண்ணனுக்கு விதித்த தூக்கை உயர்நீதிமன்றம் 2022-இல் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்த இரண்டு பிள்ளைகளும் எங்கே உட்கார்ந்து பேசியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. பஸ்ஸிலா, கல்லூரி மரத்தடியிலா, ஏதாவது ஒரு ரயிலடியிலா? எங்கோ ஓரிடம் அவர்களிடம் தெருவைக் கேட்கவில்லை. அதை நம்பித்தான் ஊருக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அவர்கள் கிளம்பினார்கள். ஊர் துரத்திப் பிடித்தது.

ஆகவே இந்த இடங்களைப் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்த மண்ணில் ஒருவனும் ஒருத்தியும் உட்கார்ந்து டீ குடிப்பதற்கு உயிர் விலை இருந்திருக்கிறது, இப்போதும் இருக்கிறது. கேள்வி கேட்காத ஒரு பெஞ்சைக் கூட்டுவது அரசியல் வேலைதான். அதை நாம் சின்ன வேலை என்று விட்டுவிடுகிறோம்.

வருகிறவர்கள் காலை வண்டியில் வாருங்கள். கோயிலில் வன்னி மரத்தைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் செராமிக் எஸ்டேட்டுக்குப் போய்விடுங்கள். மதியச் சோற்று நேரத்தில் மரத்தடியில் பெண்கள் இருப்பார்கள். உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அகல் வாங்குவதென்றால் அங்கேயே வாங்குங்கள். மருத்துவம் படித்த தோழர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவர்கள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, எக்ஸ்ரேவுக்கு ஏற்பாடு செய்தால் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் உண்டு.

உங்கள் ஊரிலும் இப்படிச் சில இடங்கள் இருக்கும். ஒரு பாலத்துக் கட்டை, ஒரு நூலகத்து வராந்தா, ஒரு சைக்கிள் கடை வாசல். எழுதி அனுப்புங்கள். சேர்த்துப் பார்ப்போம், இந்த மாநிலத்தில் நாம் உட்கார எத்தனை இடம் இருக்கிறது என்று.